மட்டக்கம்பு மட்டமில்லை

எங்கள் திரிகோண கணிதப் புத்தகத்தில் ஒரு மனிதன் இருந்தான். அவனுக்கு வேறு வேலை வெட்டியே கிடையாது. ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து நூறு அடி தள்ளி நின்று அதன் உச்சியைப் பார்ப்பான். அடுத்த கணக்கில் ஒரு கொடிக்கம்பத்தைப் பார்ப்பான். அதற்கடுத்த கணக்கில் தென்னை மரம். அவன் நிற்கிற இடமெல்லாம் சிமெந்து பூசிய தரை மாதிரிச் சமமாக இருக்கும். மலைச்சரிவில் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி நிற்க ஓர் இடம் காட்டுங்கள் பார்ப்போம். மரத்தைவிட்டு நூறு அடி மேலே ஏறினால் அதன் உச்சி முகத்துக்கு நேரே வந்துவிடும். நூறு அடி கீழே இறங்கினால் அதன் வேர் தலைக்கு மேலே போய்விடும். அந்த மனிதன் மேலே நின்றானா, கீழே நின்றானா என்று புத்தகம் எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவனை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருந்தது. நான் பஸ் ஏறி அட்டனுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற தொழிற்சாலையில், வேலை. எனக்குக் கீழே ஒரு தம்பி. லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. காம்பரா என்றால் ஒரே ஓர் அறை. முன்பக்கம் அடுப்பும் சாமான்களும், பின்சுவர் ஓரமாக நானும் தம்பியும் படுக்கிற பாய்.

அந்தப் பின்சுவருக்கு வெளியே மலை ஏறத் தொடங்கிவிடும். சரிவு முழுக்கத் தேயிலை. அதற்கு மேலே, நேராக எங்கள் காம்பராவைப் பார்த்தபடி, ஒரு டர்ப்பன்டைன் மரம், யூக்கலிப்டஸ் சாதி. பட்டை உரிந்து உரிந்து வெள்ளைக்கார துரையின் கால் மாதிரி இருக்கும். அந்த வருடம் தென்மேற்குக் காற்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் இதே சாதி மரம் ஒன்று விழுந்து லயத்துக் கூரையைப் பிளந்தது. வேலை நேரமானதால் உள்ளே யாரும் இல்லை, தப்பித்தார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போயிற்று. காற்று அடிக்கும்போதெல்லாம் தம்பியின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்வாள். ஆனால் அவனைத் தள்ளிப் படுக்கவைக்க அந்த அறையில் வேறு இடமில்லை.

தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும்போதெல்லாம் அம்மா கண்டாக்கையாவிடம் மரத்தைப் பற்றிச் சொல்லுவாள். வெளிவேலை முழுவதையும் மேற்பார்க்கிறவர் அவர். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி அவர் சொல்தான். கடைசியில் ஒருநாள் அவர் சலித்துப்போய்ச் சொன்னாராம்:

"ஏம்மா, சும்மா வெட்டு வெட்டுன்னா துரை என்னைய வெட்டிப்புடுவாரு. மரம் லயத்துக்கு எட்டுமா எட்டாதா, அத மொதல்ல அளந்து பாப்போம். எட்டுனா நானே துரைகிட்ட சொல்றேன். எட்டலன்னா இத்தோட பேச்ச விட்றணும்."

நியாயமான பேச்சு. எட்டுமா, எட்டாதா? அதுதான் கேள்வி. எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் தாஞ்சன் ஆரம்பித்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்தால் தாஞ்சன். தூரமும் கோணமும் தெரிந்தால் உயரம் தானாக வந்து நிற்கும். ஒரு மரத்தில் ஏறாமலே அதை அளந்துவிடலாம் என்பது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது.

கண்டாக்கையா ஒரு மத்தியானம் வந்தார். வடிகால் கான் வெட்டுக்கு அளக்கிற சங்கிலியைப் பிடிக்க இரண்டு ஆட்கள். எங்கள் பின்சுவரிலிருந்து மரத்தின் அடிவரைக்கும் சரிவோடு சரிவாகச் சங்கிலியை இழுத்தார்கள். எண்பது அடி. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "பாப்பா, ஒன்கிட்ட கோணம் அளக்குற சாமான் இருக்காமே, கொண்டா" என்றார். லயத்திலேயே கொம்பாஸ் பெட்டி வைத்திருந்தது நான் ஒருத்திதான். பாகைமானியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவரும் காலேஜில் படித்தவர். அதைக் கையில் வாங்கிய விதத்திலேயே அது தெரிந்தது.

"இத வைக்கிறதுக்கு மட்டமா ஒண்ணு வேணுமே" என்று சுற்றிப் பார்த்தார்.

அம்மா ஓடிப்போய்த் தன் மட்டக்கம்பை எடுத்துவந்தாள்.

மட்டக்கம்பு என்பது நீளமான, கோணல் இல்லாத ஒரு குச்சி. கொழுந்து பறிக்கிறவர்கள் அதைச் செடிகளின் தலைமேல் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற தளிரை மட்டும் பறிப்பார்கள். அப்போதுதான் மலை முழுக்கச் செடிகள் ஒரே சீராக, பாய் விரித்தது மாதிரி இருக்கும். மட்டம் பார்ப்பது என்றால் எங்கள் ஊரில் அதுதான். மட்டம் பிசகினால் கங்காணி பாதி நாள் சம்பளத்தை வெட்டிவிடுவார். அதற்கு அரைப்பேர் என்று பெயர்.

கண்டாக்கையா லயத்தை ஒட்டிய செடிகளின் மேல், மரத்தை நோக்கிக் கம்பைக் கிடத்தினார். அதன்மேல் பாகைமானியை நிமிர்த்தி வைத்து, நடுப்புள்ளியில் ஓர் ஈர்க்கைப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி மரத்தின் நுனியைக் குறிபார்த்தார். "முப்பத்தஞ்சு" என்றார். நானும் பார்த்தேன். முப்பத்தைந்துதான். அட்டவணையைப் புரட்டினேன். முப்பத்தைந்து பாகைக்குத் தாஞ்சன் புள்ளி ஏழு. எண்பதால் பெருக்கினால் ஐம்பத்தாறு. செடியின் உயரம் மூன்றடியைக் கூட்டினாலும் ஐம்பத்தொன்பது.

"மரம் அறுபது அடிகூட இல்ல, லயம் எண்பது அடியில இருக்கு. இருவது அடி மிச்சம்!" கண்டாக்கையா கையைத் தட்டினார். "போயி நிம்மதியா தூங்குங்க."

நிம்மதியாகத்தான் தூங்கினோம். அம்மா அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

பிறகுதான் அந்தச் சனியன் பிடித்த பாடம் வந்தது. இறக்கக்கோணம். எங்கள் கணித வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். நல்லவர்தான், ஆனால் குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, இந்த மலைகள் தமக்கு விரோதமாக எழும்பி நிற்பவை போல நடந்துகொள்வார். குன்றின்மேல் நிற்கிற ஒருவன் கீழே ஏரியில் ஒரு படகைப் பார்க்கிறான், கண்மட்டத்திலிருந்து இறக்கக்கோணம் முப்பது பாகை, படம் வரைக என்று கணக்கு. நான் குன்றை வரைந்தேன். குன்றின் சரிவோடு ஒட்டிக் கண்மட்டம் என்று ஒரு கோடு போட்டேன். அதிலிருந்து முப்பது பாகை இறக்கினேன். படகு ஏரியில் இல்லை, மண்ணுக்குள் இருந்தது.

வாத்தியார் கொப்பியைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பி நிறுத்தினார்.

"என்ன பிள்ளை இது? மட்டம் எண்டு சரிவிலை கோடு கீறி வைச்சிருக்கிறீர்?"

"மட்டம் அப்புடித்தான் சார் இருக்கும். மலையோட போகும்."

வகுப்பில் டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் கொப்பியிலும் அதே கோடுதான் இருந்தது.

"தண்ணி நிண்டால் எப்பிடி நிக்குமோ, அதுதான் மட்டம். விளங்குதோ? தண்ணி உங்கடை மலையோடை சரிஞ்சே நிக்கும்?"

"அப்ப சார், சரிவுல நிக்கிற மரத்த எப்புடி அளக்கிறது?"

"அது சோதினைக்கு வராது. இரும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோதனைக்கு வராத மரம்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. சோதனைக்கு வருகிற கோபுரத்தையும் தென்னை மரத்தையும் நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் அவர் சொன்ன தண்ணீர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, பாதி குடித்த வெறுந்தேத்தண்ணிப் போத்தல் கையில் இருந்தது. பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. போத்தல் பஸ்ஸோடு சேர்ந்து சாய்ந்தது. உள்ளே இருந்த தேத்தண்ணி சாயவில்லை. அது பாட்டுக்கு வேறொரு மட்டத்தில் நின்றது. அம்மாவின் கம்பு செடிகள்மேல் கிடந்த விதம் எனக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையை எறிந்துவிட்டு, அம்மாவின் மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். செடிகளின்மேல் கிடத்தினேன். பாகைமானியைக் கவிழ்த்துப் பிடித்து, நடுப்புள்ளியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கம்பு உண்மையிலேயே மட்டமாக இருந்தால் நூல் தொண்ணூறில் விழவேண்டும். விழவில்லை. ஒரு வரிசை எண்ணில் எழுபதிலும், மறு வரிசையில் நூற்றுப்பத்திலும் விழுந்தது. கம்பு இருபது பாகை சரிந்து கிடந்தது. மலை எவ்வளவு சரிவோ அவ்வளவு.

அங்கேயே மண்ணில் முக்கோணத்தைக் கீறிப் பார்த்தேன். மரம் வானத்தை நோக்கி நேராக நிற்கிறது, ஆனால் தரை அதற்கு நேராக இல்லை. மரத்தின் அடியில் இருப்பது தொண்ணூறு பாகை அல்ல, சரிவின் இருபதும் சேர்ந்து நூற்றுப்பத்து. லயத்தடியில் முப்பத்தைந்து. இரண்டையும் கூட்டி நூற்றெண்பதில் கழித்தால், உச்சியில் மிச்சம் முப்பத்தைந்து. இரண்டு கோணம் சமமானால் அவற்றுக்கு எதிரேயுள்ள இரண்டு பக்கமும் சமம். இதற்குத் தாஞ்சன் வேண்டாம், அட்டவணை வேண்டாம், கீழ் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். லயத்துக்கும் மரத்துக்கும் எண்பது அடி என்றால், மரமும் எண்பது அடி. செடி உயரத்தையும் சேர்த்தால் எண்பத்து மூன்று. மரம் இந்தப் பக்கம் சாய்ந்தால் சுவரைத் தாண்டி உள்ளே மூன்றடி வரும். அந்த மூன்றடியில்தான் எங்கள் பாய் கிடந்தது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு எட்டாதுன்ன."

"அன்னைக்கு அளந்தது தப்பும்மா. ஒங்க மட்டக்கம்பு மட்டமே இல்ல."

அந்த வார்த்தையை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"என்னாடி சொன்ன? என் கம்பு மட்டமில்லயா? ஒன்ன பெத்த மறுமாசத்துல இருந்து இந்தக் கம்ப வச்சுக் கொழுந்து எடுக்குறேன். ஒரு நாளு அரைப்பேரு வாங்குனது கெடையாது. கங்காணியே மத்த பொம்பளைங்கள கூட்டியாந்து என் நெரயக் காட்டுறாரு, மட்டம்னா இதான்னு. நீ நாலு எழுத்துப் படிச்சுட்டு வந்து என் கம்ப கொற சொல்றியா?"

"கொற சொல்லலம்மா. அது தேயிலைக்கு மட்டம். தண்ணிக்கு மட்டமில்ல."

"தண்ணிக்கு என்னாத்துக்குடி மட்டம்? தண்ணியவா பறிக்கப் போறோம்?"

அப்பாவைப் பார்த்தேன். ஸ்டோரிலிருந்து வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாது" என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்தார்.

சரி, படித்தவரிடமே போவோம் என்று மறுநாள் கண்டாக்கையாவைப் பிடித்தேன். படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார். மரத்தடியில் நூற்றுப்பத்து என்று நான் எழுதியிருந்ததைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"இது என்னா நூத்திப்பத்து? மரம் நேராத்தானே நிக்குது? நேரா நின்னா தொண்ணூறு."

"மரம் நேராத்தாங்க நிக்குது. தரைதாங்க சரிஞ்சிருக்கு."

"தரையப் பத்தி யாரு கேட்டா? மரத்துக்குத்தான கோணம்?"

"தண்ணி மட்டத்துக்கு நேரா நின்னாத்தாங்க தொண்ணூறு..."

"எந்தத் தண்ணி? மேல தண்ணியே இல்லயே!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பாரு பாப்பா. மரம் எட்டாதுன்னு துரைகிட்ட சொல்லியாச்சு. அப்ப நீதான தாஞ்சன் பாத்துச் சொன்ன? இப்ப போயி எட்டும்னா, அவரு மரத்தப் பாக்க மாட்டாரு, என்னையத்தான் மேலயும் கீழயும் பாப்பாரு" என்றார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. ஆனாலும் விடவில்லை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிச் சரிவில் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். தட்டு சரிந்து தண்ணீர் கொட்டியது. "தண்ணி தூக்கியாறது யாருன்னு தெரியுமா?" என்று திட்டு விழுந்ததுதான் மிச்சம். பாயை முன்பக்கம் இழுத்துப் போட்டேன். அடுப்புக்கு இடைஞ்சல் என்று அம்மா திரும்பப் பின்பக்கம் போட்டாள். அவளுக்கு இப்போது மரத்தைப் பற்றிப் பயமே இல்லை. என் கணக்கு அவள் பயத்தைப் போக்கிவிட்டது. போக்கிய பயத்தை இப்போது நானே திரும்பக் கொண்டுவரப் பார்த்தால், செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான். தப்பான விடையைச் சொன்னபோது முட்டை பொரித்துக் கொடுத்த வீட்டில், சரியான விடையைச் சொல்ல ஆரம்பித்ததும் என் பேச்சே பிடிக்காமல் போனது. "படிக்கப் போனதுல இருந்து வாய் நீண்டுபோச்சு" என்றாள் அம்மா. ஆனி போய் ஆடி வந்தது. காற்று வலுத்தது. நான் தம்பியைச் சுவர்ப் பக்கம் விடாமல் அந்தப் பக்கம் படுத்துக்கொண்டேன். அது என்னால் முடிந்த ஒரே காரியம். அதிலும் கணக்கு இல்லை, வெறும் பிடிவாதம்தான்.

மரம் ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாளில், பட்டப்பகலில் விழுந்தது. மண் கிழிகிற சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். அது எங்கள் பக்கம் வரவில்லை. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியிருந்தது. சரிவுக்குக் குறுக்காக, தேயிலையை நசுக்கிக்கொண்டு முழுசாகக் கிடந்தது. லயத்துக்கு ஓர் ஓடுகூட உடையவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டார்கள். ஆண்கள் விறகை எப்படிப் பங்கு போடுவது என்று அப்போதே பேசத் தொடங்கினார்கள். கண்டாக்கையா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரத்தைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சொன்னேன்ல? லயத்துல விழாதுன்னு."

"எட்டாதுன்னுதாங்க சொன்னீங்க. விழாதுன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஒரு மரம் தலையில் விழாததற்காக யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன். தம்பி உயிரோடு என் பக்கத்தில் நின்று மரத்தில் ஏறலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான், எனக்கு அதில் சந்தோஷம் இல்லாமலில்லை. ஆனாலும் காற்று கொஞ்சம் திரும்பியதால் ஒரு தப்புக் கணக்கு சரியாகிவிட்டது என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. இனி எக்காலத்துக்கும் அந்த மரம் அறுபது அடிதான். நான் வாயாடிதான்.

எல்லோரும் கலைந்த பிறகு விறகு கட்டுகிற கயிறுகளை முடிச்சுப்போட்டு நீளமாக்கி எடுத்துக்கொண்டு மேலே போனேன். மரத்தின் அடியிலிருந்து நுனிக் கொழுந்து வரைக்கும் கயிற்றைப் பிடித்து, நுனி வந்த இடத்தில் அறுத்தேன். பிறகு ஒரு முனையை மரம் நின்ற குழிக்குள் ஒரு வேரில் கட்டிவிட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே செடிகளுக்கு நடுவே லயத்தை நோக்கி இறங்கினேன். கயிறு பின்சுவருக்கு வந்தது. வந்தும் முடியவில்லை. கையில் இன்னும் மிச்சம் இருந்தது. பின்சுவரில் தாழ்வாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மிச்சக் கயிற்றை அதன் வழியாக உள்ளே போட்டுவிட்டு, லயத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அம்மா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். கயிற்றின் நுனி எங்கள் பாய்மேல் கிடந்தது, தம்பி தலை வைக்கிற துணிமூட்டையை ஒட்டி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னாது?"

"மரம்" என்றேன். "மரத்தோட நீளம். இந்தப் பக்கம் விழுந்திருந்தா இங்கதான் வந்திருக்கும்."

அம்மா ஜன்னல் வழியாக எட்டி, கயிறு போன வழியே மேலே குழிவரைக்கும் பார்த்தாள். திரும்பிப் பாயைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. கடைசியில் புரிந்துவிட்டது. ஆடி முழுக்கக் கத்தியும் முடியாததை ஒரு கயிறு செய்துவிட்டது. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இம்புட்டுத் தூரம் வரும்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தியாடி? பெத்த தாயிகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. நான் பயந்துபோனேன் என்று நினைத்து அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, அதான் விழலயே" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.